சும்மா இருக்கிற அப்பன்

போன தசரா சமயத்தில், ஒரே ஒரு வரிக் கட்டளையால் மாமா கடையின் நாலு கல்லாவையும் ஒரே நேரத்தில் படுக்க வைத்துவிட்டேன். குலசை முத்தாரம்மன் கோவிலுக்கு வேஷம் கட்டிப் போகிறவர்கள் உடன்குடி பஜாரை அடைத்துக்கொண்டு நகர்கிற நாட்கள் அவை. கடை வாசலில் ஒரு காளி, இரண்டு குரங்கு, ஒரு போலீஸ்காரர் (நிஜமானவர்தானா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்). எல்லாருக்கும் கருப்பட்டி வேண்டும், எல்லாருக்கும் பில் வேண்டும்.

கடைக்குப் பின்கட்டில், ஓலைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. லினக்ஸும் அதன்மேல் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸும் போட்டு வைத்தது நான்தான். நாலு கல்லா, ஒரு கிட்டங்கி, எல்லாம் அதில்தான் எழுதுகின்றன. அன்றைக்கு மாமா கேட்டார் என்று சரக்கிருப்புக் கணக்கு ஒன்றை ஓடவிட்டேன். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, முடியவில்லை. மெஷின் மூச்சு வாங்குகிறது. பிஎஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன். போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் பதினைந்து இருபது ப்ராசஸ் வரிசையாக நிற்கின்றன. அதில் என் கணக்கை ஓட்டுகிற ஆள் எவன் என்று கண்டுபிடித்து, அவன் எண்ணைக் குறித்துக்கொண்டு, கில் -9 என்று அடித்தேன்.

அவன் போனான். கூடவே எல்லாரும் போனார்கள்.

"மருமவனே, பில்லு ஒண்ணும் வரமாட்டேங்கு!" முன்கட்டிலிருந்து மாமா சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் பத்துப் பதினைந்து விநாடியில் எல்லாம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் நாலு கல்லாவிலும் பாதி போட்டிருந்த பில் காணாமல் போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து. காளி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ராத்திரி கடை சாத்தினபிறகு மாமா கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "ஒருத்தனத்தான நீ அடிச்ச? மத்தவன் எல்லாம் எதுக்குச் செத்தான்?"

சரியான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ கோளாறு மாமா என்று மழுப்பினேன். கோளாறே இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் லாகைப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கதைதான் இது.

போஸ்ட்கிரஸைத் துவக்கினால் முதலில் எழும்புவது ஒரே ஒரு ப்ராசஸ். அதன் பழைய பெயர் போஸ்ட்மாஸ்டர். இப்போது பட்டியலில் வெறும் போஸ்ட்கிரஸ் என்றுதான் காட்டும்; போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் அதே நிரலைச் சுட்டிக்கொண்டு கிடந்த இணைப்பை 16ஆம் பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அதோடு பழகினவர்கள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அமைப்புக் கோப்பைப் படிப்பது, எல்லாரும் பகிர்ந்துகொள்ளப் போகிற நினைவகத்தை ஒரு பெரிய துண்டாக வாங்கிப் போடுவது, 5432 என்ற போர்ட்டில் காதை வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் அதன் ஆரம்ப வேலை. பிறகு வீட்டு வேலைக்குச் சில பிள்ளைகளைப் பெற்றுப் போடும். அழுக்கான (மாற்றியும் இன்னும் எழுதி வைக்காத) பக்கங்களை நினைவகத்திலிருந்து வட்டுக்கு ஒதுக்குகிற செக்பாயின்டர், அவனுக்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைக்கிற பேக்ரவுண்ட் ரைட்டர், நடந்த மாற்றத்தையெல்லாம் வால் என்கிற நாளேட்டில் பதிகிற வால் ரைட்டர், செத்த வரிகளைக் கூட்டிப் பெருக்க ஆள் அனுப்புகிற ஆட்டோவேக்யூம் லாஞ்சர். இவ்வளவு பேரையும் பெற்றுவிட்டு அப்பன் சும்மா உட்கார்ந்துவிடுகிறான்.

வெளியிலிருந்து ஒரு கல்லா கதவைத் தட்டுகிறது. அப்பன் உள்ளே விடுவதில்லை, பேசுவதுமில்லை. ஃபோர்க் என்று ஒரு கூப்பாடு போட்டுத் தன்னைப்போலவே இன்னொரு ப்ராசஸைப் பிரித்து, "இவரைக் கவனி" என்று கையில் ஒப்படைத்துவிட்டு மறுபடி வாசலுக்குப் போய்விடுகிறான். ஃபோர்க் என்றால் கவை. பனங்காட்டுக்காரர்களுக்குக் கவை புரியாது, பனை கிளைக்காத மரம். தேரிக்காட்டு உடைமரத்தைப் பாருங்கள், ஒரு கவையில் ஒன்று இரண்டாகும் இடம். பிரிந்த கணத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. அப்பனுடைய நினைவகம் முழுவதையும் பிள்ளைக்கு நகல் எடுப்பதாகப் பயப்படவும் வேண்டாம். பக்கங்களை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், எவன் ஒரு பக்கத்தைத் திருத்துகிறானோ அப்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் லினக்ஸின் கருவான கெர்னல் நகல் எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் லினக்ஸில் பிள்ளை பெறுவது மலிவு.

கடவுச்சொல் சரியா என்று பார்ப்பதுகூடப் பிள்ளையின் வேலைதான். வாசலிலேயே அப்பன் விசாரித்தால் என்ன என்று கேட்கலாம். வருகிறவன் கடவுச்சொல்லைச் சொல்லாமல் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், பின்னால் இருக்கிற வரிசை முழுக்க நிற்கும். பிள்ளை காத்திருந்தால் அந்தப் பிள்ளையோடு போயிற்று. ஒரு நிமிஷத்துக்குமேல் போனால் அவனே முடித்துக்கொள்வான்.

விண்டோஸில் இந்தக் கவை வித்தை கிடையாது. அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் புதிய நிரலாக முதலிலிருந்து துவக்கி, அப்பனுக்குத் தெரிந்ததையெல்லாம் மூட்டை கட்டிக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். இது நமக்கு எதற்கு என்றால், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றோடு போஸ்ட்கிரஸும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றை விண்டோஸில் நிறுவின அலுவலகத்தில் யாராவது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரே பெயரில் இத்தனை நிற்கிறதே, வைரஸா என்று பதறுவதுண்டு. என் கூட்டாளி ஒருத்தன் அப்படிப் பதறித்தான் எனக்கு முதன்முதலில் போன் போட்டான். வைரஸ் இல்லையப்பா, குடும்பம்.

இனி மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்கு ஆச்சி கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக்குப் போக வேண்டும்.

சின்ன வயதில் கோடை லீவுக்கு ஆச்சியோடு விடிலியில் கிடப்பேன். தாத்தா பனையிலிருந்து பதனியை இறக்கிக் கொண்டுவருவார். ஒவ்வொரு கலயத்திலும் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவ மறந்தால் மரத்திலேயே புளித்துக் கள்ளாகப் போய்விடும். ஒருநாள் ஏதோ ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு விட்டுப்போயிருக்கிறது. அது அண்டாவுக்குள் விழுந்தபோது யாருக்கும் தெரியவில்லை. நாற்பது கலயம் பதனி ஒன்றாகிவிட்டது. காய்ச்சுகிறார்கள், காய்ச்சுகிறார்கள், பாகு பதத்துக்கு வரமாட்டேன் என்கிறது. சிரட்டையில் ஊற்றிப் பார்த்தால் இறுகாமல் கொழகொழவென்று நின்றது. ஆச்சி ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள். மொத்தத்தையும் கொட்டச் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை. நல்ல பதனியும் அதில்தானே இருக்கு ஆச்சி என்றேன். "நல்லது எது, கெட்டது எதுன்னு இனி நீ பிரிச்சித் தருவியால?" என்றாள்.

போஸ்ட்கிரஸின் பகிர்வு நினைவகம் அந்த அண்டா. ஷேர்டு பஃபர்ஸ் என்பார்கள். ஒன்றும் மாற்றாமல் விட்டால் 128 எம்பி, அதாவது 8 கேபி பக்கங்களாக 16,384. அட்டவணையின் எந்த வரியைத் தொட்டாலும் எல்லாப் பிள்ளைகளும் இந்த ஒரே அண்டாவில்தான் கை விடுகிறார்கள். யார் எந்தப் பூட்டு வைத்திருக்கிறான், எந்தப் பரிவர்த்தனை நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அங்கேதான். மற்றபடி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வீடு, தனி நினைவகம். ஒருவன் வீட்டில் நடப்பது இன்னொருவனைப் பாதிக்காது. அண்டா ஒன்றுதான் பொது.

கில் -9 வாங்குகிற ப்ராசஸுக்குத் தான் சாகப் போவது தெரியாது. கெர்னல் அதைக் கேட்காமலே அழித்துவிடும். அவன் அந்த நொடியில் ஒரு பக்கத்தின் பாதியை மட்டும் மாற்றியிருக்கலாம். ஒரு பட்டியலின் கொக்கியைக் கழற்றிவிட்டு மாட்டாமல் இருந்திருக்கலாம். பூட்டைப் பிடித்தபடியே செத்திருக்கலாம். ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் இனி யார் பிரித்துத் தருவார்கள்?

பிள்ளை செத்தால் கெர்னல் பெற்றவனுக்குச் சேதி அனுப்பும். போஸ்ட்மாஸ்டர் எழுந்து எப்படிச் செத்தான் என்று பார்ப்பான். முறையாக விடைபெற்றுப் போனவன் என்றால் பெயரை அடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிடுவான். துர்மரணம் என்றால் ஆச்சி செய்ததைத்தான் செய்வான். மிச்சமிருக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு உடனே வெளியேறு என்று சிக்னல் என்கிற குறி அனுப்புவான். ஐந்து விநாடிக்குள் போகாதவனை அவனே கில் -9 போட்டு அனுப்பிவிடுவான். எல்லாரும் போனதும் அண்டாவைக் கவிழ்த்துப் புதிதாக வைப்பான். கடைசி செக்பாயின்ட்டிலிருந்து வால் நாளேட்டை வாசித்து, நடந்ததையெல்லாம் மறுபடி நடத்திக் காட்டத் தனியாக ஒரு பிள்ளையைப் பெற்று விடுவான். அவன் முடித்துச் சொன்னபிறகுதான் வாசல் திறக்கும்.

என் பத்துப் பதினைந்து விநாடி அதுதான். ஆச்சிக்கு இல்லாத ஒரு வசதி இவனுக்கு இருக்கிறது: கொட்டின பதனியை நாளேட்டைப் பார்த்து மறுபடி ஊற்றிக்கொள்ள முடியும். பில் முடிந்து கமிட் ஆனது ஒன்றும் போகவில்லை. பாதியில் நின்றவை மட்டும் போயின.

இவ்வளவு அமளியிலும் அப்பன் எப்படிப் பிழைக்கிறான்? அவன் அண்டாவைத் தொடுவதே கிடையாது, அதனால். வாங்கிப் போட்டவன் அவன்தான், ஆனால் அன்றாடம் கை விடுவதில்லை. போஸ்ட்மாஸ்டர் பகிர்வு நினைவகத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும், அதுதான் அதன் பலம் என்று மூல நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பூட்டுக்கும் அவன் காத்திருப்பதில்லை. அதனால் எவன் எந்தப் பூட்டைப் பிடித்தபடி செத்தாலும் அவன் மாட்டுவதில்லை. ரொம்ப நாளாக அவனைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். கை வைக்காமல் இருப்பதே வேலை என்பது கடைக்காரர்களுக்கு லேசில் புரியாது. எங்கள் மாமாவே தராசையும் பிடிப்பார், பில்லும் போடுவார், மூட்டையும் தூக்குவார். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் கடை மூடித்தான் இருக்கும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்தக் குடும்பத்தில் பேரப்பிள்ளைகளே கிடையாது. ஆட்டோவேக்யூம் லாஞ்சருக்குக் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமென்றால் அவன் தானே பெற்றுக்கொள்வதில்லை. அப்பனிடம் ஒரு குறி காட்டுகிறான், அப்பன் பெற்றுத் தருகிறான். பெரிய கணக்கு ஒன்றை ரெண்டு மூன்று பேராகப் பிரித்துச் செய்ய நினைக்கிற பிள்ளையும் அப்படியே. ஏன் இந்தச் சுற்று வழி? பிள்ளை செத்த சேதி நேராகப் பெற்றவனுக்குத்தான் போகும். பேரன் ஒருவன் இருந்து, நடுவில் இருந்த தகப்பன் செத்தால், பேரன் அநாதையாகிக் கெர்னலின் முதல் ப்ராசஸிடம் போய்ச் சேர்ந்துவிடுவான். அண்டாவில் அவன் கை இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாரும் நேர்ப் பிள்ளைகளாக இருந்தால் எந்தச் சாவும் அப்பன் கண்ணுக்குத் தப்பாது.

அப்பனே செத்தால்? அதற்கு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு முனை அப்பன் கையில், மறுமுனை எல்லாப் பிள்ளைகளிடமும். அந்தக் குழாயில் யாரும் எதையும் அனுப்புவதே இல்லை. அப்பன் செத்தால் அவன் முனை தானாக மூடிக்கொள்ளும், காத்திருக்கிற பிள்ளைகள் அதை உணர்ந்து தாங்களே வெளியேறிவிடுவார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது. ஒன்றுமே சொல்லாமல் கிடக்கிற ஒரு குழாய்.

ஆனால் பெரிய கணக்கில் மூழ்கியிருக்கிற பிள்ளை உடனே கவனிக்காமல் இன்னும் கொஞ்சநேரம் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் புதிய போஸ்ட்மாஸ்டரைத் துவக்கினால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். அதைத் தடுக்கத்தான் தரவு அடைவில் போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்ற சின்னக் கோப்பு கிடக்கிறது. முதல் வரியில் அப்பனின் எண். எங்கள் ஊரில் கரண்ட் போய் வந்தால் சிலநேரம் இந்தக் கோப்பு பழையதாகக் கிடந்து, ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே என்று துவங்க மறுக்கும். (கடற்கரையோரம் 660 மெகாவாட் அலகுகள் இரண்டோடு அனல்மின் நிலையத்துக்குக் கட்டடம் எழுப்பியிருக்கிற ஊரில் யுபிஎஸ் வாங்க வேண்டியிருக்கிறது என்பது மாமாவின் நிரந்தரப் புலம்பல்.) கோப்பை அழித்துவிடு, சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய. உள்ளே எவனும் உயிரோடு இல்லை என்று பிஎஸ்ஸில் பார்க்காமல் தயவுசெய்து அழிக்காதீர்கள்.

ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்கிற இந்தக் குடும்ப ஏற்பாடு பெரிய தத்துவத்தில் பிறந்ததா என்றால், இல்லை. பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு 1986இல் போஸ்ட்கிரஸைத் தொடங்கியது. 1990இல் அவர்கள் எழுதிய கட்டுரையிலேயே, சீக்கிரம் ஓடவைக்க வேண்டுமே என்று ஆளுக்கொரு ப்ராசஸ் வைத்தோம், பிறகு மாற்றுகிற எண்ணம் இருக்கிறது என்ற பொருளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தற்காலிகமாகப் போட்ட கொட்டகைதான் ஊரில் நிரந்தரம் என்பது பெர்க்லிக்கும் பொருந்தும் போல. 2023இல் ஹெய்க்கி லின்னகங்காஸ், ஒரே ப்ராசஸுக்குள் இழைகளாக (த்ரெட்) மாற்றிவிடலாமே என்று பேச்செடுத்தார். மைஎஸ்கியூஎல் அப்படித்தான், ஒரே வீடு, இணைப்புக்கு ஒரு இழை. இழை மலிவு, ப்ராசஸ் கனம் என்பதெல்லாம் உண்மை. நான் இந்த விஷயத்தில் கட்டுப்பெட்டி. ஒரே வீட்டில் ஒருவன் தீ வைத்துக்கொண்டால் அப்பனும் சேர்ந்து எரிய வேண்டியதுதான்.

கனம் என்றேனே, அதற்கு விலை உண்டு. ஒன்றும் மாற்றாவிட்டால் 100 இணைப்புதான், அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கீடு. மீறித் தட்டினால், மன்னிக்கவும், ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்று ரொம்ப மரியாதையாகத் திருப்பி அனுப்பும். எண்ணை 1000 ஆக்கிவிட்டால் தீர்ந்தது என்று ஆயிரம் ப்ராசஸைச் சின்ன மெஷினில் குடியேற்றக்கூடாது. நடுவில் பிஜிபவுன்சர் என்ற தரகனை வைத்தால் நூறு பேர் வந்தாலும் பத்துப் பேரையே மாற்றி மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கும். ஐந்து ஆள் எழுதுகிற மாமா கடைக்கு இதெல்லாம் தேவையே இல்லை.

தேவைப்பட்டது வேறு. தசரா முடிந்து பத்து நாளில் மறுபடி எல்லாக் கல்லாவும் விழுந்தன. இந்தமுறை நான் கையே வைக்கவில்லை, சத்தியமாக. லாகில் அதே வாசகம், 9ஆம் குறியில் ஒரு பிள்ளை சாவு. யார் கொன்றது? கெர்னல். 4 ஜிபி மெஷினில் நினைவகம் தீர்ந்துபோனால், இருப்பவர்களில் பெரியவனாகப் பார்த்துப் போட்டுத் தள்ளுகிற ஆள் ஒருவர் லினக்ஸில் உண்டு. அழைத்து வந்தது நான். கணக்கு சீக்கிரம் ஓடட்டும் என்று ஒர்க் மெம் என்ற அளவை 4 எம்பியிலிருந்து 256க்கு ஏற்றி வைத்திருந்தேன். அது ஆளுக்கு ஒருமுறை என்று நினைத்தேன். ஒரே கணக்குக்குள் வரிசைப்படுத்துகிற ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. திருப்பி இறக்கினேன். கையில் இல்லாத நினைவகத்தைக் கடன் கொடுக்காதே என்று கெர்னலுக்கும் சொல்லி வைத்தேன். ஓவர்கமிட் மெமரி என்ற அளவை 2 ஆக்குவதுதான் அது. அப்படிச் செய்தால் பெரும்பாலும் ப்ராசஸைக் கொல்வதற்குப் பதில், கேட்ட நினைவகம் கிடைக்கவில்லை என்று அந்த ஒரு கணக்கு மட்டும் பிழை காட்டி நிற்கும். அண்டாவுக்குச் சேதமில்லை.

இப்போது கில் -9 என் கைக்கு வருவதில்லை. டேட்டாபேஸுக்குள்ளேயே நின்று பிஜி கேன்சல் பேக்எண்ட் என்று சொன்னால், ஓடுகிற கணக்கை மட்டும் நிறுத்திவிட்டு ஆள் அப்படியே இருப்பான். பிஜி டெர்மினேட் பேக்எண்ட் என்றால், பூட்டுகளை ஒப்படைத்து, பாதி வேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, முறைப்படி விடைபெற்றுப் போவான். அப்பன் தலையைக்கூடத் தூக்கமாட்டான்.

நேற்றுச் சாயங்காலம் பட்டியலைத் திறந்து மாமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கிட்டங்கிப் பையனுடைய வரி மட்டும் பரிவர்த்தனை நடுவில் சும்மா என்று இரண்டு மணி நேரமாக நின்றது. சரக்கு வரவு போடத் தொடங்கி, முடிக்காமல் டீ குடிக்கப் போயிருக்கிறான். "ரெண்டு மணி நேரமாவா டீ குடிக்கான்?" என்றார் மாமா. பிறகு பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தார். நாற்பத்தொரு நாளாக ஓடுகிறது, மொத்தம் செலவழித்த சிபியு நேரம் பத்தொன்பது விநாடி.

"இவன் யாருல, ஒரு சோலியும் பாக்காம?"

"அவருதான் மாமா முதலாளி."

மாமா ஒன்றும் சொல்லவில்லை. கிட்டங்கிப் பையனின் எண்ணைப் பார்த்து டெர்மினேட் கொடுத்தேன். அந்த வரி மட்டும் மறைந்தது. முன்கட்டில் பில் அச்சாகிற சத்தம் நிற்கவில்லை. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் கிளம்பினார்.